சரக்கு லாரி மோதினால் இழப்பீடு: யார் பொறுப்பு, எப்படிக் கணக்கிடுகிறார்கள், எந்த ஆவணம் கை கொடுக்கும்

கேள்வி இதுதான்: இரவு நேரத்தில் நெடுஞ்சாலையில் சரக்கு லாரி மோதி, பைக்கில் போன குடும்பத் தலைவர் இறந்துவிட்டார். லாரி ஒருவர் பெயரில் இருக்கிறது, ஓட்டியவர் சம்பளத்துக்கு வந்த டிரைவர், லோடு ஏற்றி அனுப்பியது ஒரு டிரான்ஸ்போர்ட் நிறுவனம். யார்மீது வழக்குப் போடுவது, எவ்வளவு கிடைக்கும், முதலில் எதைச் செய்வது?

மனு போட வேண்டியது டிரைவர், ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ள உரிமையாளர், லாரியின் காப்பீட்டு நிறுவனம் ஆகிய மூவர்மீது. இடம், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். பணம் பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து வரும். சட்டம் பாதிக்கப்பட்டவர் பக்கம் நன்றாகவே சாய்ந்திருக்கிறது. ஆனால் ஒரே மாதிரியான இரண்டு விபத்துகளில் ஒரு குடும்பத்துக்கு நாற்பது லட்சமும் இன்னொரு குடும்பத்துக்கு இருபத்தைந்து லட்சமும் கிடைப்பதைத் தீர்மானிப்பது சட்டப் பிரிவு அல்ல. முதல் சில வாரங்களில் சேர்த்த ஆவணங்கள்தான். அதனால் இந்தப் பதிலில் அவற்றுக்கே அதிக இடம் தருகிறேன். இங்கே சொல்வதெல்லாம் இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டம் 1988, அதன் 2019 திருத்தம் ஆகியவற்றின்படி. காப்பீடு, இழப்பீடு பற்றிய திருத்தப் பிரிவுகள் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன.

மருத்துவமனையிலிருந்து தொடங்குவோம். காயமடைந்தவரை அவசர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கும்போது பணி மருத்துவர் விபத்துப் பதிவேட்டில், பேச்சுவழக்கில் ஏ.ஆர். காப்பி என்பதில், விபத்து எப்படி நடந்தது என்று ஒரு வரி எழுதுவார். கூட வந்தவர் பதற்றத்தில் சொன்னதை அப்படியே எழுதிவிடுவார்கள். ‘பைக்கிலிருந்து தவறி விழுந்து’ என்று அந்த வரி அமைந்துவிட்டால், லாரி மோதவே இல்லை என்று காப்பீட்டு நிறுவனம் வாதிட அது ஒன்றே போதும். லாரி மோதியது என்பதும், தெரிந்தால் வண்டி எண்ணும் அதில் இருக்க வேண்டும். தவறாக எழுதப்பட்டிருந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். முடியாவிட்டால் காவல் நிலையத்தில் தரும் வாக்குமூலத்திலாவது அந்தத் தவறைக் குறிப்பிடுங்கள்.

சிகிச்சைச் செலவைப் பொறுத்தவரை, 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசின் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தில், விபத்து நாளிலிருந்து 7 நாட்கள் வரை, அதிகபட்சம் 1.5 லட்சம் ரூபாய்க்கு, நியமிக்கப்பட்ட மருத்துவமனைகளில் சிகிச்சை பெறலாம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் முதல் 48 மணி நேரத்துக்கு உதவுகிறது. இவற்றைப் பயன்படுத்தியதால் இழப்பீட்டு உரிமை போய்விடாது.

அடுத்து முதல் தகவல் அறிக்கை. 2024 ஜூலை முதல், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவிலும், மரணம் நேர்ந்தால் 106-ஆம் பிரிவிலும் பதிவு செய்கிறார்கள். லாரி விபத்துகளில் திரும்பத் திரும்ப நடக்கும் ஒரு அநியாயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். பைக்கில் வந்தவர் இறந்துவிட்டார் அல்லது மயக்கத்தில் இருக்கிறார். பேசக்கூடிய நிலையில் இருப்பவர் லாரி டிரைவர் மட்டும். அவர் போய்ப் புகார் கொடுக்க, இறந்தவர்தான் தவறான பக்கம் வந்தார் என்று எஃப்.ஐ.ஆர். பதிவாகிவிடுகிறது. குடும்பத்தினர் காரியங்களை எல்லாம் முடித்துவிட்டு வந்து பார்க்கும்போது வழக்கே தலைகீழாக இருக்கும். இதற்காக மனம் தளர வேண்டியதில்லை. எஃப்.ஐ.ஆர். தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்தாது. நேரில் பார்த்த சாட்சியின் வாக்குமூலம், சேதத்தின் இடம், சாலைத் தடயம் ஆகியவற்றை வைத்துத் தீர்ப்பாயம் வேறு முடிவுக்கு வரலாம். ஆனாலும் காவல் கண்காணிப்பாளருக்கு உடனே எழுத்துமூலம் புகார் அனுப்பி, ஒப்புகை அட்டையை வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனு செய்யலாம். தாமதமாகப் பதிவானது என்ற ஒரே காரணத்துக்காக இழப்பீட்டு மனுவைத் தள்ளக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சொல்லியிருக்கிறது.

விபத்து நடந்த இடத்தைப் பார்த்துக் காவல்துறை எழுதும் பார்வை மகஜரும், வரையும் ரஃப் ஸ்கெட்ச்சும்தான் கவனக்குறைவு யாருடையது என்பதை முடிவு செய்வதில் அதிக எடை கொண்டவை. சாலையின் அகலம், நடுத்தடுப்பு உண்டா, டயர் தேய்ந்த தடம் எங்கே தொடங்குகிறது, கண்ணாடித் துண்டுகள் எந்தப் பக்கம் சிதறியிருக்கின்றன, வண்டிகள் கடைசியாக எங்கே நின்றன என்பதெல்லாம் அதில் வர வேண்டும். வண்டிகளை அப்புறப்படுத்துவதற்கு முன், உறவினரோ நண்பரோ கைபேசியில் நான்கு பக்கமிருந்தும் படம் எடுத்துவிடுவது பெரிய உதவி. குறிப்பாக லாரியின் பின்புறம்: சிவப்பு விளக்கு எரிந்ததா, ஒளிரும் பட்டை ஒட்டியிருந்ததா, பின் சக்கரங்களுக்குள் வண்டி புகாமல் தடுக்கும் கம்பி இருந்ததா, லோடு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததா என்று பாருங்கள். டிரைலர் என்றால் இழுக்கும் வண்டிக்கு ஒரு எண்ணும் டிரைலருக்கு வேறு எண்ணும் இருக்கும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் காப்பீடு தனித்தனியாக இருக்கக்கூடும்.

சாலையோரம் விளக்கில்லாமல் நிறுத்தியிருந்த லாரியின் பின்னால் மோதி இறப்பவர்களின் குடும்பங்கள் பல, ‘நாம்தானே போய் இடித்தோம்’ என்று நினைத்து ஒதுங்கிவிடுகின்றன. அது தவறு. ஆபத்தான நிலையில் வண்டியை நிறுத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆம் பிரிவு தடை செய்கிறது. இண்டிகேட்டர் போடாமல், எச்சரிக்கை முக்கோணம் வைக்காமல் வண்டிகள் ஓடும் பாதையில் நிறுத்தியிருந்தால் பழியின் பெரும்பங்கு லாரிமீதே விழக்கூடும். வண்டி ‘பயன்பாட்டில்’ இருந்தது என்பதற்கும் நீதிமன்றங்கள் விரிந்த பொருளே தருகின்றன. 1987-இல் மகாராஷ்டிரத்தில் கவிழ்ந்த பெட்ரோல் டேங்கர் சுமார் நான்கு மணி நேரம் கழித்து வெடித்தது. அதுவும் வண்டியின் பயன்பாட்டால் நேர்ந்த விபத்துதான் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் தீர்ப்பளித்தது. வெளியே நீட்டிய இரும்புக் கம்பி குத்தியது, அவிழ்ந்த தார்ப்பாய் பைக்கில் சிக்கியது, சரிந்த மூட்டை விழுந்தது எல்லாமே இதற்குள் வரும். வண்டியின் உடற்பகுதிக்கு வெளியே லோடு நீட்டிக்கொண்டிருந்தால் 194-ஆம் பிரிவில் தனியாக 20,000 ரூபாய் அபராதமே உண்டு.

லாரி விபத்து கார் விபத்திலிருந்து வேறுபடும் இடம் ஒன்று உண்டு. சரக்கு வண்டி போகும் வழியெல்லாம் பதிவு விட்டுச் செல்கிறது. ஃபாஸ்டேக்கில் எந்தச் சுங்கச்சாவடியை எத்தனை மணிக்குக் கடந்தது என்பது இருக்கும். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு என்றால் பொதுவாக இ-வே பில் என்ற மின்னணுச் சரக்குச் சீட்டு இருக்கும். அதில் அனுப்பியவர், பெறுபவர், வண்டி எண், எங்கிருந்து எங்கே என்பதெல்லாம் வரும். எடை மேடைச் சீட்டில் ஏற்றிய எடை இருக்கும். அதை ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையோடு ஒப்பிட்டால் ஓவர்லோடு தெரிந்துவிடும். அளவுக்கு மேல் ஏற்றிய லாரி பிரேக் பிடித்தாலும் நிற்க அதிக தூரம் எடுக்கும் என்பதால் அது நேரடியாக விபத்தின் காரணமாகிறது. இரண்டு சுங்கச்சாவடிகளுக்கு இடைப்பட்ட தூரத்தை நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் கிடைக்கும். முதல் சாவடியைக் கடந்த நேரத்திலிருந்து கணக்கிட்டால் டிரைவர் எத்தனை மணி நேரம் ஓய்வில்லாமல் ஓட்டினார் என்பதும் தெரியும். பல டிரான்ஸ்போர்ட் நிறுவனங்கள் ஜி.பி.எஸ். கருவியும் பொருத்தியிருக்கின்றன. கேமராப் பதிவுகள் சில வாரங்களிலேயே அழிந்துவிடும். எனவே புலனாய்வு அதிகாரிக்கும் சுங்கச்சாவடி நிர்வாகத்துக்கும் பதிவுத் தபாலில், நாள், நேரம், வண்டி எண் குறிப்பிட்டு, பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி முதல் வாரத்திலேயே கடிதம் அனுப்ப வேண்டும். பின்னர் தீர்ப்பாயத்தில் மனு செய்து அந்த ஆவணங்களை வரவழைக்கலாம்.

லாரியின் சொந்த ஆவணங்களான காப்பீடு, எஃப்.சி. என்ற தகுதிச் சான்று, பெர்மிட் ஆகியவற்றின் நிலவரத்தை எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைக் கொடுத்தே பெரும்பாலும் பார்த்துவிடலாம். விபத்து நாளன்று செல்லுபடியாக இருந்ததா என்பதுதான் கேள்வி. மறுநாள் புதுப்பித்த பாலிசியால் பயனில்லை. எனவே பாலிசி தொடங்கிய நேரத்தையும் பாருங்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைச் சோதித்துத் தரும் அறிக்கையில், இயந்திரக் கோளாறால் விபத்து நேரவில்லை என்று வழக்கமான ஒரு வரி இருக்கும். பிரேக் பிடிக்கவில்லை என்று டிரைவர் பின்னால் சொல்ல வரும்போது அந்த வரி உதவும். பிரேக் உண்மையாகவே பழுது என்றாலும் உரிமையாளர் தப்பிவிட முடியாது. பராமரிக்க வேண்டியது அவர் கடமை.

இப்போது யார் பொறுப்பு என்பதற்கு வருவோம். டிரைவரின் தவறுக்கு முதலாளி பொறுப்பு என்ற பொது விதியின்படி உரிமையாளர் பொறுப்பாளி. அவர் எடுத்த தேர்ட் பார்ட்டி பாலிசியின்படி காப்பீட்டு நிறுவனம் பணம் செலுத்த வேண்டும். ‘லாரிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இல்லையாம், தேர்ட் பார்ட்டி மட்டும்தானாம்’ என்று கவலைப்படுபவர்கள் உண்டு. வெளியாளின் மரணத்துக்கும் காயத்துக்கும் தேர்ட் பார்ட்டி பாலிசியே முழுமையாகப் போதும். பைக், கார் போன்ற பொருள் சேதத்துக்குத்தான் வழக்கமாக 7.5 லட்சம் என்ற வரம்பு.

லாரியை விற்றுவிட்டேன், ஆனால் ஆர்.சி. மாற்றவில்லை என்று உரிமையாளர் சொல்வது மிகவும் சாதாரணம். ஆர்.டி.ஓ. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. வெள்ளைத் தாளில் எழுதிய விற்பனை ஒப்பந்தம் பாதிக்கப்பட்டவரைக் கட்டுப்படுத்தாது. வங்கிக் கடனில் உள்ள லாரி என்றால் கடன் கொடுத்த நிதி நிறுவனம் பொறுப்பல்ல. வண்டியைக் கைவசம் வைத்திருப்பவரே உரிமையாளர் என்று சட்டத்தின் 2(30) பிரிவு சொல்கிறது. டிரான்ஸ்போர்ட் நிறுவனம் லாரியை ஒப்பந்தத்துக்கு எடுத்து, டிரைவரையும் தானே வைத்து ஓட்டினால் அதையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பது நல்லது. பாலிசி செல்லுபடியாக இருந்தால் இது பெரிதாகத் தேவைப்படாது. பாலிசி இல்லாதபோதுதான், வண்டியை உண்மையில் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தது யார் என்பது பணம் கிடைக்குமா இல்லையா என்பதையே முடிவு செய்யும். காப்பீடு இல்லாத லாரியை, உரிமையாளர் போதிய பிணை கட்டாமல் விடுவிக்கக் கூடாது என்று மாஜிஸ்திரேட் முன் உடனே ஆட்சேபம் தெரிவியுங்கள். வண்டி வெளியே போய்விட்டால் தீர்ப்பு கையில் இருந்தும் வசூலிக்க ஒன்றும் இருக்காது.

இரண்டு வண்டிகளின் தவறால் மூன்றாவது ஆள் அடிபட்டால், உதாரணமாக பேருந்தும் லாரியும் மோதிப் பயணி காயமடைந்தால், முழுத் தொகையையும் ஏதாவது ஒரு தரப்பிடமிருந்தே வசூலிக்கலாம். அவர்களுக்குள் பங்கு பிரிப்பது அவர்கள் பாடு. பாதிக்கப்பட்டவருக்கே தவறில் பங்கு இருந்தால்தான் தொகை குறையும். பைக்கில் மூன்று பேர் போனது, ஓட்டியவரிடம் லைசென்ஸ் இல்லாதது ஆகியவை மட்டுமே அப்படிப்பட்ட பங்கு ஆகிவிடாது. அதனால்தான் விபத்து நேர்ந்தது என்று எதிர்த்தரப்பு காட்ட வேண்டும்.

காப்பீட்டு நிறுவனம் வழக்கமாக எடுக்கும் தடைகள் சிலவே: டிரைவரிடம் உரிய லைசென்ஸ் இல்லை, பெர்மிட் இல்லை, குடித்திருந்தார், இறந்தவர் லாரியில் ஏறி வந்த பயணி. லைசென்ஸ் விஷயத்தில், 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, 7,500 கிலோவுக்கு உட்பட்ட மொத்த எடை கொண்ட சரக்கு வண்டியை எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸ் உள்ளவரே ஓட்டலாம், தனி ஒப்புதல் தேவையில்லை என்று முடிவு செய்தது. சிறிய சரக்கு வண்டி மோதிய வழக்குகளில் இந்தத் தடை இதோடு விழுந்துவிட்டது. பெரிய லாரிக்கு கனரக லைசென்ஸ் வேண்டும். அது இல்லை என்றாலும், தெரிந்தே அப்படிப்பட்டவரிடம் உரிமையாளர் வண்டியைக் கொடுத்தார் என்று நிரூபிக்கும் சுமை காப்பீட்டு நிறுவனத்துக்கே. விதிமீறல் நிரூபணமானாலும், முதலில் நிறுவனம் செலுத்திவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவதுண்டு. இந்தக் கோரிக்கையை மனுவிலேயே மாற்றுப் பரிகாரமாக எழுதச் சொல்லுங்கள்.

லாரியில் லிஃப்ட் கேட்டு ஏறியவர்களுக்கு நிலைமை கடினம். சரக்கு வண்டியில் இலவசமாகவோ காசு கொடுத்தோ பயணம் செய்தவர்களுக்குக் காப்பீடு பொருந்தாது என்று 2003-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ சரக்கோடு வந்தால் காப்பீடு உண்டு. தன் காய்கறி மூட்டைகளோடு ஏறிய விவசாயி, சரக்கு தனதே என்பதற்கான மண்டி ரசீதைத் தேடி எடுத்துவிட்டால் வழக்கு நிற்கும்.

லாரியின் டிரைவரோ கிளீனரோ பணியின்போது இறந்தாலும் காயமடைந்தாலும் அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முறை இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020-க்குள் வந்துவிட்டது. அதில் யார் தவறு என்று நிரூபிக்கவே வேண்டாம். மரணம் என்றால் மாதச் சம்பளத்தில் 50 சதவீதத்தையும், முழு நிரந்தர ஊனம் என்றால் 60 சதவீதத்தையும் வயதுக்கேற்ற காரணியால் பெருக்குவார்கள். தவறு எதிரே வந்த வண்டியுடையது என்றால் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். தானே தவறு செய்த டிரைவருக்குத் தீர்ப்பாயத்தில் வழியில்லை. அவர் முதல் வழியில்தான் போக வேண்டும். சொந்த லாரியைத் தானே ஓட்டியவர் என்றால் பாலிசியில் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு நிலையான சூத்திரம் உண்டு. உச்ச நீதிமன்றத்தின் 2009 சரளா வர்மா தீர்ப்பும் 2017-இன் பிரணய் சேத்தி தீர்ப்பும்தான் இன்றுவரை அடிப்படை. 34 வயது எலெக்ட்ரீசியன், மாதம் 20,000 ரூபாய் வருமானம், மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என்று வைத்துக்கொள்வோம். சுயதொழில் செய்பவர், 40 வயதுக்குக் கீழ் என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 28,000. நான்கு பேர் சார்ந்திருப்பதால் அவருடைய சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 21,000. ஆண்டுக்கு 2,52,000. 31 முதல் 35 வயதுக்குப் பெருக்கும் எண் 16. ஆக 40,32,000 ரூபாய். இதோடு, துணையை, பெற்றோரை, மகனை இழந்த இழப்புக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு தொகை, சொத்திழப்புக்கும் இறுதிச் சடங்குக்கும் ஒவ்வொரு தொகை. 2017-இல் 40,000, 15,000, 15,000 என்று வைத்து, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 10 சதவீதம் உயர்த்தச் சொன்னார்கள். இரண்டு உயர்வுகளுக்குப் பின் அவை 48,400, 18,150, 18,150 ஆகின்றன. நால்வருக்கு 1,93,600, மற்ற இரண்டும் 36,300. மொத்தம் 42,61,900 ரூபாய். மனு தாக்கல் செய்த நாளிலிருந்து வட்டி தனி. பெரும்பாலும் 6 முதல் 9 சதவீதத்துக்குள் தருகிறார்கள்.

மற்றவர்களுக்குப் பெருக்கும் எண்: 15 முதல் 25 வயது வரை 18, 26–30க்கு 17, 36–40க்கு 15, 41–45க்கு 14, 46–50க்கு 13, 51–55க்கு 11, 56–60க்கு 9, 61–65க்கு 7, அதற்கு மேல் 5. நிரந்தர வேலை என்றால் எதிர்கால உயர்வு 40க்குக் கீழ் 50 சதவீதம், 40–50க்கு 30, 50–60க்கு 15. சுயதொழில், நிலையான சம்பளம் என்றால் 40, 25, 10. சார்ந்தவர்கள் இரண்டு மூன்று பேர் என்றால் மூன்றில் ஒன்று, நான்கு முதல் ஆறு பேர் என்றால் நான்கில் ஒன்று, அதற்கு மேல் ஐந்தில் ஒன்று கழிப்பார்கள். திருமணமாகாதவர் என்றால் பொதுவாகப் பாதி. ஆயுள் காப்பீட்டுப் பணம், குடும்ப ஓய்வூதியம் ஆகியவற்றைக் காட்டி இதில் கழிக்க முடியாது.

இப்போது அதே எலெக்ட்ரீசியனின் வருமானத்துக்கு ஒரு தாள்கூட இல்லை என்று கொள்ளுங்கள். தீர்ப்பாயம் உத்தேசமாக மாதம் 12,000 என்று எடுத்தால் 40,32,000 என்ற தொகை 24,19,200 ஆகிவிடும். பதினாறு லட்சம் இப்படித்தான் போகிறது. வருமான வரிக் கணக்கு இல்லாதவர்கள் வங்கிக் கணக்குப் பதிவு, யூ.பி.ஐ.யில் வந்த கூலி, ஒப்பந்தக்காரரின் சாட்சியம், தொழில் உரிமம், நல வாரிய அட்டை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டண ரசீது, கட்டிவந்த கடன் தவணை என்று கிடைத்ததையெல்லாம் சேர்க்க வேண்டும். வேலை கொடுத்தவர் தரும் வெறும் சான்றிதழ் போதாது. அவர் நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும், இல்லையென்றால் குறுக்கு விசாரணைக்கு ஆள் இல்லை என்று அதை ஒதுக்கிவிடுவார்கள். வயதுக்குப் பிறப்புச் சான்றிதழ் அல்லது பள்ளி மாற்றுச் சான்றிதழ். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் உத்தேசமாக எழுதிய வயது 36 என்றிருந்தால் பெருக்கும் எண் 15 ஆகி, மேலே சொன்ன கணக்கில் 2,52,000 ரூபாய் குறையும். இல்லத்தரசி இறந்தால் வருமானம் இல்லை என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். வீட்டு வேலைக்கு உத்தேச வருமானம் நிர்ணயித்து, எதிர்கால உயர்வும் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் 2021 தீர்ப்பு சொல்கிறது.

கவனக்குறைவில் 30 சதவீதம் இறந்தவர் பக்கம் என்று முடிவானால் 42,61,900 என்பது 29,83,330 ஆகும். ரஃப் ஸ்கெட்ச்சுக்கும் படங்களுக்கும் இவ்வளவு அழுத்தம் கொடுத்தது இதற்காகத்தான்.

காயமடைந்தவர் வழக்கில் மையம் வேறு. மருத்துவக் குழு தரும் ஊனச் சதவீதம் உடலைப் பற்றியது. இழப்பீடு கணக்கிட வேண்டியது சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்பதை வைத்து. உச்ச நீதிமன்றம் 2010 தீர்ப்பில் சொன்ன உதாரணமே போதும்: இடது கை துண்டிக்கப்பட்டால் ஊனம் சுமார் 60 சதவீதம். ஆனால் அவர் டிரைவரோ தச்சரோ என்றால் வருமான இழப்பு கிட்டத்தட்ட 100 சதவீதம். அரசு அலுவலக எழுத்தர் என்றால் வேலையே போகாமலும் இருக்கலாம். ஆகவே மருத்துவரைச் சாட்சியாக அழைத்து, இந்தத் தொழிலை இவரால் இனிச் செய்ய முடியுமா என்று கேட்க வைக்க வேண்டும். காய வழக்கில் சொந்தச் செலவுக் கழிவு கிடையாது. எதிர்கால உயர்வு உண்டு. மருத்துவச் செலவு, எதிர்கால அறுவைச் சிகிச்சை, செயற்கைக் கால், அதை மாற்ற ஆகும் செலவு, சத்துணவு, போக்குவரத்து, வலி, வேதனை, திருமண வாய்ப்பு இழப்பு எல்லாம் தனித்தனித் தலைப்பு. படுக்கையோடு முடங்கியவருக்கு உதவியாளர் செலவைப் பலர் மொத்தமாக ஒரு சிறு தொகை கேட்டு விட்டுவிடுகிறார்கள். 2020-இல் 12 வயதுச் சிறுமி ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதையும் பெருக்கும் எண்ணால் கணக்கிட்டு, மாதம் 10,000 வீதம், பெருக்கும் எண் 18 என்று வைத்து 21,60,000 ரூபாய் தந்தது. மருந்துக் கடை பில்களை மருத்துவர் சீட்டோடு சேர்த்துத் தேதிவாரியாக ஒட்டி வையுங்கள். சீட்டு இல்லாத பில்லைத் தள்ளிவிடுவார்கள்.

மனு நடைமுறைக்கு வருகிறேன். விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம் ஆகிய ஏதாவது ஒன்றில் உள்ள தீர்ப்பாயத்தில் 166-ஆம் பிரிவின் கீழ் மனு போடலாம். வெளிமாநிலத்தில் விபத்து என்றாலும் சொந்த ஊரிலேயே போடலாம். கால வரம்பு ஆறு மாதம். இந்த வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் தொடுக்கப்பட்டுள்ளன, ஆனால் அதை நம்பி ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். 2022 விதிகளின்படி, காவல்துறை 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும், 50 நாட்களில் இடைக்கால அறிக்கையும், 90 நாட்களில் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையையே மனுவாக ஏற்கலாம். ஆனாலும் அதில் உங்கள் வருமானமும் ஊனமும் முழுமையாக இருக்காது என்பதால் தனி மனுவும் போடுவதே பாதுகாப்பு.

இழப்பீட்டுக்குக் காப்பீட்டு நிறுவனம் முன்வந்து ஒரு தொகை சொல்லும்போது நிதானம் வேண்டும். 164-ஆம் பிரிவில் தவறு நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சம், படுகாயத்துக்கு 2.5 லட்சம் கிடைக்கும். அதை ஏற்றுக்கொண்டால் 166-ஆம் பிரிவு மனு காலாவதியாகிவிடும். அடக்கச் செலவுக்குக் கடன் வாங்கிய குடும்பத்திடம் 5 லட்சத்துக்குக் கையெழுத்து வாங்கினால், மேலே கணக்கிட்ட 42 லட்சம் அதோடு போயிற்று. இறந்தவர் மீதே முழுத் தவறு என்ற நிலையில் தவிர, வழக்கறிஞரிடம் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இதை ஏற்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்வது வேறு. வயது, வருமானம், பெருக்கும் எண்ணை வைத்து வந்த தொகையில் பெரும்பகுதி உடனே கிடைத்தால், வருடக்கணக்கில் காத்திருப்பதைவிட அது பல குடும்பங்களுக்கு நல்லது. ஆனால் அந்த முடிவின்மேல் மேல்முறையீடு இல்லை.

மோதிய லாரி எதுவென்றே தெரியாவிட்டால் 161-ஆம் பிரிவின் திட்டம்: மரணத்துக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000. விண்ணப்பம் கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் நிலையில் உள்ள விசாரணை அதிகாரியிடம் போய், மாவட்ட ஆட்சியர் நிலையில் ஒப்புதலாகும். வாங்கிய பிறகு வண்டி பிடிபட்டால் முழு இழப்பீடும் கேட்கலாம். வாங்கிய தொகை மட்டும் அதில் கழிக்கப்படும்.

கட்டணமாக ‘கிடைப்பதில் இவ்வளவு சதவீதம்’ என்று வழக்கறிஞர் பேரம் பேச விதிகள் அனுமதிக்கவில்லை. மருத்துவமனை வாசலிலேயே வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்கும் இடைத்தரகர்களை அண்டவே விடாதீர்கள். தீர்ப்புத் தொகை மனுதாரரின் வங்கிக் கணக்குக்கே நேராக வர வேண்டும். பாஸ்புக்கையும் ஏ.டி.எம். அட்டையையும் யாரிடமும் கொடுக்க வேண்டிய தேவை இல்லை.

தீர்ப்பில் திருப்தி இல்லை என்றால் 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். சர்ச்சையில் உள்ள தொகை ஒரு லட்சத்துக்குக் குறைவு என்றால் முடியாது. காப்பீட்டு நிறுவனம் மேல்முறையீடு செய்து தடை வாங்கினாலும், வைப்புச் செய்த தொகையில் ஒரு பகுதியை எடுக்க அனுமதி கேட்டு மனு செய்யலாம். பிள்ளைகளின் பங்கு 18 வயது வரை வங்கியில் நிலை வைப்பாக இருக்கும். கல்லூரிக் கட்டணம், சிகிச்சை போன்ற தேவைக்கு அதிலிருந்து எடுக்க வேண்டுமானால், கட்டண விவரச் சீட்டை இணைத்து அதே தீர்ப்பாயத்தில் மனு போட்டால் போதும்.